சுவார்ட்ஸ் ஐயரும் சரபோஜியும்

சென்னைக்கு மேற்கே மண்ணூர்பேட்டை, அம்பத்தூர், ஆவடி என்று தொடர்ந்து செல்லும் ஊர்களில் கிறிஸ்தவச் சபைகள் பல உண்டு. சபையை நடத்தும் குருவை ஜனங்களில் சிலர் ஐயர் என்கிறார்கள். சிலர் தந்தை என்கிறார்கள். பட்டத்தை வழங்குவது எளிது. அதைத் தாங்குவது எத்தகைய பாரம் என்பதற்கு நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே சிறந்த சாட்சி இருக்கிறது. தஞ்சையில் 1798-ம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி காலமான சுவார்ட்ஸ் பாதிரியாரையே குறிப்பிடுகிறோம்.

பிரஷ்யா தேசத்தில் 1726-ல் பிறந்த அவர் 1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பிச் செல்லவே இல்லை, விவாகமும் செய்துகொள்ளவில்லை. திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சையிலும் தங்கித் தமிழிலேயே உபதேசித்தார். கம்பெனியார் 1779-ல் அவரை ஹைதர் அலியிடம் தூதனுப்பினர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வழிச்செலவுக்கென்று நவாப் அளித்த 300 ரூபாயை அவர் சென்னை சர்க்காரிடம் ஒப்புவிக்கப் போனார். சர்க்கார் பெற மறுக்கவே, அத்தொகையைத் தஞ்சையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முதலாக வைத்தார். அடுத்த வருஷமே யுத்தம் மூண்டுவிட்டது. சமாதானத் தூது யாருக்குப் பயன்பட்டது என்று தேசாபிமானிகள் கேட்பார்களாயின், அக்கேள்வி நியாயமானதே. அவர் கம்பெனியாருக்கு ஊழியம் செய்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், வரிக்கொடுமை தாளாமல் ஊரைவிட்டு ஓடிய தஞ்சைக் குடியானவர்கள் அதிகாரிகளின் வாக்கை நம்பாமல் இவர் வாக்கை நம்பி, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பிவந்தார்கள் என்பதும் சரித்திரமே.

நாம் சொல்லவந்த விஷயம் வேறு. தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-ல் மரணத் தறுவாயில் இருந்தபோது, சுவீகாரம் செய்துகொண்ட பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸிடம் ஒப்புவித்து, நீரே இவனுக்குத் தந்தையாயிரும் என்று வேண்டினார். இராஜ்ய பாரமே கைக்கு வந்த வேளை அது. பாதிரியார் மறுத்துவிட்டார். சந்நியாசி போன்ற தமக்கு அரண்மனைப் பொறுப்பு தகாதென்று கருதி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைப் பாதுகாவலராக்கும்படி யோசனை கூறினார். பணிவு என்று உலகம் இதைப் புகழ்ந்தது. ஆனால் அந்தப் பணிவின் விலையைக் கொடுத்தவன் அச்சிறுவன்.

சுவீகாரம் செல்லாதென்று பண்டிதர்கள் தீர்ப்புச் சொல்ல, கம்பெனியாரின் அனுமதியோடு அமர்சிங் சிங்காதனம் ஏறினார். சரபோஜி அரண்மனையில் அடைபட்டுக் கிடந்தான், கல்வியும் மறுக்கப்பட்டது. பாதுகாக்க வேண்டியவரிடமே பகை தோன்றிவிட்டால் குழந்தை எங்கே போகும்?

இந்த இடத்தில்தான் சுவார்ட்ஸ் நமக்குப் பெரியவராகத் தோன்றுகிறார். முன்பு தாம் சொன்ன யோசனையைத் தாங்கிப் பேசிக்கொண்டிராமல், சர்க்காருக்கு மேன்மேலும் எழுதினார். சிறுவனுக்குத் தனிக் காவல் வைக்கச் செய்தார், கல்விக்கு வழிதேடினார். 1793-ல், அறுபது வயதைக் கடந்த நிலையில், சரபோஜியையும் துளஜாஜியின் விதவைகளையும் சென்னைக்குத் தாமே அழைத்துச் சென்றார். பண்டிதர்களின் தீர்ப்பு நேர்மையானதன்று என்றும், சுவீகாரம் செல்லத்தக்கதே என்றும் எடுத்துக்காட்டிப் பிள்ளையின் உரிமைக்காக வாதாடினார். பதவியை வேண்டாமென்பது ஒருவகை. பதவியில்லாமலே பாரத்தைச் சுமப்பது மற்றொரு வகை. பின்னதே அரிது என்பது நம் அபிப்பிராயம்.

திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் அவர் அழைத்துவந்து வளர்த்த மற்றொரு சிறுவனே பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் என்று புகழ்பெற்ற கவிராயர். அவர் கிறிஸ்தவக் கவியாக வளர்ந்தார். சரபோஜியோ கடைசிவரை தம் குலமுறைப்படி சிவபக்தராகவே வாழ்ந்தார். மதப்பிரசாரத்துக்காகவே கடல்கடந்து வந்தவர் அதற்காகச் சரபோஜியிடம் அன்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. எல்லா மதத்தினரும் இதனைக் கவனிக்க வேண்டும்.

சரபோஜி அரசுரிமை பெற்றது 1798 ஜூனில். சுவார்ட்ஸ் அதற்கு நான்கு மாதம் முன்பே கண்மூடிவிட்டார். மறுவருஷமே கம்பெனியார் இராஜ்யத்தைத் தம் வசமாக்கி, மன்னருக்குக் கோட்டையளவில் அதிகாரத்தை விட்டுவைத்தனர். சரஸ்வதி மஹாலைச் சுவடிகளாலும் நூல்களாலும் நிரப்பிய அம்மன்னர், தம்மை வளர்த்தவரைக் குறித்து இங்கிலீஷில் தாமே ஒரு செய்யுள் இயற்றிக் கல்லில் வெட்டுவித்தார். அவரது பணிவையும், அநாதைகளுக்குத் தகப்பனாய் இருந்ததையும் அதில் போற்றியிருக்கிறார்.

சென்னைக் கோட்டையிலுள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் கம்பெனியார் அவருக்கு ஒரு சலவைக்கல் ஞாபகச் சின்னம் அமைத்தார்கள். சரபோஜி அமைத்தது தஞ்சைச் சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் இருக்கிறது. லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கியது. அதில் பாதிரியார் மரணப்படுக்கையில் கிடக்கிறார். தஞ்சை மன்னர் அருகே வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறார்.