சதாசிவம்: அணித்தலைவரும் நாடற்றவரும்

இலங்கைக் கிரிக்கெட்டின் பெருமையைப் பேசும் நமது இளைஞர்கள் பெரும்பாலும் 1996ஆம் ஆண்டின் உலகக் கிண்ண வெற்றியிலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே இந்நாட்டு அணிக்குத் தமிழர் ஒருவர் தலைமை தாங்கினார் என்பதை அறிந்தோர் சிலரே. கொஸ்லந்தத் தோட்டங்களில் லயன்களுக்கு அருகே கிடைத்த சிறு தரையில் துடுப்பு ஏந்தும் சிறுவர்கள் மகாதேவா சதாசிவத்தின் வாழ்க்கையை அறிந்திருக்க வேண்டும். அது வெறும் புகழ்க்கதையன்று என்பதே அதற்குக் காரணம்.

1915 ஒக்டோபர் 18ஆம் திகதி பிறந்த சதாசிவம், கொழும்பு வெஸ்லி கல்லூரியில் கற்று, தமிழ் யூனியன் கழகத்தின் வீரராக வளர்ந்தார். 1947இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் குவித்த 215 ஓட்டங்கள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. 1950இல் பொதுநலவாய அணிக்கு எதிராக 96 ஓட்டங்கள் பெற்றார். மேற்கிந்தியத் தீவுகளின் மாவீரர் பிராங்க் வொரெல், உலக அணியொன்றைத் தெரிவு செய்வதாயின் முதலில் சேர்க்கப்படவேண்டியவர் சதாசிவமே எனக் கருதியதாக விளையாட்டு எழுத்தாளர்கள் பதிவு செய்துள்ளனர். இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த முதல்தரப் போட்டிகள் 11 மட்டுமே. அவற்றில் 3 சதங்களுடன் 753 ஓட்டங்கள் பெற்றார்.

1948 மார்ச்சில், இங்கிலாந்து செல்லும் வழியில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அணியில் ஆடிப் புகழ்பெற்ற எவ். சி. டி சேரமே இலங்கை அணியின் தலைவராவார் எனப் பலர் எதிர்பார்த்திருக்க, அப்பொறுப்பு சதாசிவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சர்ச்சை எழுந்தது உண்மையே. எனினும் சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் அவரது தலைமையில் ஒன்றாக ஆடினர். மழையால் ஆட்டம் முடிவின்றி நின்றது.

அதே 1948இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. தேயிலைக்கும் இறப்பருக்கும் தந்த உழைப்பு அங்கே கணக்கில் எடுக்கப்படவில்லை. தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்ற கேள்வியே எழுப்பப்பட்டது. தமிழரொருவரை நாட்டின் அணித்தலைவராக ஏற்ற அதே ஆண்டு, ஊவாவின் தோட்டத் தமிழரை நாட்டின் பிரசைகளாகவே ஏற்க மறுத்தது. இம்முரண்பாட்டை மறந்து சதாசிவத்தின் பெருமையை மட்டும் பேசுவது முறையாகாது.

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி சதாசிவத்தின் மனைவி பம்பலப்பிட்டியிலுள்ள இல்லத்தில் கொலையுண்டு கிடந்தார். நான்கு பெண்பிள்ளைகள் தாயை இழந்தனர். மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையாதலால் சந்தேகம் கணவர்மீது வீழ்ந்தது. மதுவும் இரவுக் களியாட்டமும் அவரது பெயரை ஏற்கெனவே கெடுத்திருந்தன. தீர்ப்புக்கு முன்னரே ஊர் அவரைக் குற்றவாளியாக்கியது. வீட்டின் சமையற்காரப் பையன் மன்னிப்புப் பெற்று அரசதரப்புச் சாட்சியானான். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். பிரித்தானியத் தடயவியல் அறிஞர் சேர் சிட்னி சிமித் சாட்சியமளித்தார். மரணம் நிகழ்ந்த நேரம் பற்றிய மருத்துவ ஆதாரங்கள் நுணுக்கமாக ஆராயப்பட்டன. 1953 ஜூனில் சதாசிவம் விடுதலையானார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை என்பது அப்பெண்மணிக்கு நேர்ந்த இரண்டாவது அநீதியாகும்.

இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பிரஜாவுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்ற இடதுசாரித் தலைவர்களுள் ஒருவர் அதே கொல்வின். ஆதாரமின்றி ஒருவரைத் தண்டிக்கலாகாது என நீதிமன்றத்தில் வாதிட்டவர், பிறப்பைக் காட்டி ஒரு சமூகத்தையே தண்டிக்கலாகாது என அதற்கு முன்பே வாதிட்டிருந்தார். நீதிமன்றம் செவிசாய்த்தது, நாடாளுமன்றம் செவிசாய்க்கவில்லை.

விடுதலைக்குப் பின்னர் நாட்டைவிட்டுச் சென்ற சதாசிவம் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணித்தலைவர் என்ற அரிய பெருமையுடன் தாயகம் திரும்பி, 1977 ஜூலை 9ஆம் திகதி காலமானார். இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982 பெப்ரவரியில் அப்போட்டி நடைபெற்றது, அவர் பிராட்மனை எதிர்கொண்ட அதே தமிழ் யூனியன் மைதானத்திலேயாகும்.

பின்னாளில் அதே கழகத்திற்காக ஆடிய முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தி உலக சாதனை படைத்தார். தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்திற்கு வந்த தொழிலாளி ஒருவரின் பேரன் அவர். பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்ட சட்டத்திற்கு அந்தப் பேரன் மைதானத்தில் பதில் கூறினார் என்றே நாம் கொள்ளலாம்.

ஆயினும் எல்லோரும் முரளிதரனாக வேண்டும் என்பதில்லை. உரிமை பெறுவதற்கு உலக சாதனை நிபந்தனையாகவும் கூடாது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றிருந்த எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்ணுள் புதையுண்ட லயன்கள், காகிதத்தில் கிடைத்த உரிமை காணியாகவும் வீடாகவும் மாறவில்லை என்பதைக் காட்டின. மனிதரை அவரவர் செயலைக்கொண்டே மதிப்பிட வேண்டும். மைதானமும் நீதிமன்றமும் சதாசிவத்திற்கு வழங்கிய அந்த நியாயத்தை, தலைமுறைகளாக உழைத்துவரும் தோட்ட மக்களுக்கு ஆட்சியாளர் காணியுரிமையாக வழங்குவார்களாயின், 1948ஆம் ஆண்டின் கடன் ஓரளவேனும் தீரும்.