கல்கியின் கலை விமர்சனமும் இதழ்ப்பணியும்

கல்கி என்னும் இரா. கிருஷ்ணமூர்த்தி (செப்டம்பர் 9, 1899 - டிசம்பர் 5, 1954) புதினங்களால் புகழ்பெற்ற தமிழ் எழுத்தாளர் ஆவார். எனினும் இவரது கலை விமர்சனங்களும் குறைந்தவையல்ல. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை, நடனம் பற்றி 'ஆடல் பாடல்' பகுதியை எழுதினார். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகள் இறுதியில் பாடும் துக்கடாக்களாக ஒதுக்கப்பட்டதைக் கண்டித்துத் தமிழிசை இயக்கத்திற்குத் துணைநின்றார்.

விகடனிலிருந்து விலகித் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். விடுதலைக்குப் பின் 1941 இல் தி. சதாசிவத்துடன் கல்கி இதழைத் தொடங்கினார். 'சாவித்திரி' திரைப்படத்தில் நாரதராக நடித்து எம். எஸ். சுப்புலட்சுமி ஈட்டிய ஊதியம் இதற்கு முதலாக உதவியது. அவ்விதழில் 1950 முதல் மணியத்தின் ஓவியங்களுடன் பொன்னியின் செல்வன் தொடராக வெளிவந்தது. அதில் இடம்பெறும் பழுவேட்டரையர்கள் கல்வெட்டுகளாலும் அறியப்படுபவர்கள். அவர்களது பழுவூர் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது.