திகம்பர சாமியாரைப் படைத்தவர்

என் பாட்டனார் தலைமன்னார் இறங்குதுறையில் தொழில் பார்த்தவர். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து வந்த கப்பல்கள் பிரயாணிகளோடு தமிழ் நூல்களையும் சுமந்து வந்தன. அவ்வாறு வந்த 'மேனகா'வை அவர் பெட்டியிலிருந்து எடுத்து, வகுப்பிலே பாடநூலுக்குள் மறைத்துப் படித்தேன். ஆசிரியர் பறித்துக்கொண்டார், நூல் திரும்பி வரவேயில்லை.

இன்று நானும் ஓர் ஆசிரியன். அண்மையில் மாணவன் ஒருவன் தான் எழுதிய கதையைக் கொண்டுவந்தான். கைத்தொலைபேசியில் ஆடும் துப்பறியும் ஆட்டமொன்றைத் தழுவியது அது. கடிந்துகொள்ள வாயெடுத்தேன். அக்கணத்தில் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் நினைவில் வந்து நின்றார்.

மன்னார்குடியை அடுத்த வடுவூரில் 1880இல் பிறந்தவர் அவர். தாசில்தார் பதவியை எழுத்தின் பொருட்டுத் துறந்து, சென்னையில் 'மனோரஞ்சனி' என்னும் இதழை நடத்தி நாவல்களை வெளியிட்டார். மேனாட்டுக் கதைகளைத் தழுவினார் என்று அவரைக் குறை கூறுவர். தழுவியது உண்மையே. ஆயினும் கடன் வாங்கிய முடிச்சை அவர் நம் வீட்டுத் திண்ணையில் வைத்தல்லவா அவிழ்த்தார்! 'மேனகா'வில் குற்றம் நிகழ்வது லண்டன் தெருவிலன்று, குடும்பத்தினுள்ளே. புகுந்த வீட்டாரே ஒரு பெண்ணை விலைபேசி விற்கின்றனர். குற்றங்களைத் துலக்க அவர் படைத்த துப்பறிவாளரோ துறவுப் பெயர் பூண்ட திகம்பர சாமியார். இது நம் மண்ணின் கற்பனை.

'மேனகா' மேடையேறியது, 1935இல் திரைப்படமாகி, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைத் திரைக்கு அறிமுகம் செய்தது. ஆசிரியர் 1942இல் மறைந்தார். எட்டு ஆண்டுகளின் பின், 1950இல், மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் எம். என். நம்பியார் திகம்பர சாமியாராகப் பல வேடங்களில் தோன்றினார்.

நூல் நாடகமாகலாம், படமாகலாம் எனில், ஆட்டம் கதையாகலாகாதோ? 1947ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸைக் களமாகக் கொண்ட 'எல்.ஏ. நுவார்' என்னும் காணொளி ஆட்டம் 2011இல் வெளிவந்தபோது, லாரன்ஸ் பிளாக், ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் முதலிய பெயர்பெற்ற எழுத்தாளர்கள் அதனையொட்டிக் குற்றச் சிறுகதைகள் புனைந்தனர்.

மாணவனின் கதையில் கொலையுண்டவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, அழுவதற்கு ஒருவருமில்லை. ஆட்டத்துக்கு அது போதும், கதைக்குப் போதாது. அவன் யார், அவனுக்காக எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று கேட்டேன். மறுவாரம் அவன் திருத்தி எழுதி வந்தான். கொலையுண்டவன் எங்கள் கரையின் மீனவனாகியிருந்தான். வாசலில் அவன் தாய் காத்திருந்தாள்.

தாளை நான் பறிக்கவில்லை. வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னேன்.