நாவும் நெஞ்சும் புகழட்டும்
இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே!

கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் தர்காவுக்கு ஜியாரத் செய்யச் செல்வோரை நாம் அடிக்கடி காண்கிறோம். நோய் தீர வேண்டும், பிள்ளை வேண்டும், கடன் அடைய வேண்டும் என்று ஆளுக்கொரு தேட்டம். அல்லாஹ்விடம் கேட்பது குற்றமன்று. அவனிடம்தான் கேட்க வேண்டும். ஆனால், நாட்டம் நிறைவேறிய பின் மனமுருகி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்பவர் நம்மில் எத்தனை பேர்? கேட்பதற்கு ஆயிரம் சொல் வைத்திருக்கும் நாம், புகழ்வதற்கு ஒரு சொல்லை மறந்து விடுகிறோம். இறைபுகழைத் தமிழ் முஸ்லிம்களின் வீட்டு வழக்கமாக்கப் பாடுபட்ட ஒரு பெரியாரின் வாழ்வை இங்கு நினைவுகூர்வோம்.

செய்யிது முஹம்மது ஆலிம் அவர்கள் 1816-ல் காயல்பட்டினத்தில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்தார்கள். கீழக்கரையில் தைக்கா சாஹிபு (ரஹ்) அவர்களிடம் கல்வி கற்று, அவர்களின் மகளாரையே மணந்தார்கள். அதனால்தான் மாப்பிள்ளை லெப்பை என்ற பெயர் நிலைத்தது. அரூஸ் என்ற அரபுச் சொல்லுக்கும் மணமகன் என்றே பொருள். ஆசிரியருக்குப் பின் கீழக்கரை அரூஸிய்யா மதரஸாவின் பொறுப்பு அன்னாரின் தோளில் விழுந்தது.

அக்காலத்தில் நம் வீடுகளில் குர்ஆன் ஓதத் தெரிந்தவர் பலர். ஓதுவதன் பொருள் அறிந்தவர் சிலரே. பெண்மக்களின் நிலையோ இன்னும் கடினம். அரபு எழுத்து தெரியும். அரபு மொழி தெரியாது. தமிழ் பேசத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க வழி, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழே என்று அன்னார் கண்டார்கள். மார்க்கச் சட்டங்களை விளக்கும் மகானி, பத்ஹுத் தய்யான் ஆகிய கிதாபுகளை அவ்வெழுத்திலேயே ஆக்கினார்கள். மக்தபில் ஓதிய சிறுமி, பெரியவளாகி அடுப்படியில் இருந்தபடியே தீனை அறிந்துகொள்ள வாசல் திறந்தது.

அன்னார் தொகுத்தருளிய ராத்திபு ஜலாலிய்யா, தமிழகத்திலும் இலங்கையிலும் மஜ்லிஸ்களில் ஓதப்படுகிறது. ஆலிமும் கடைக்காரரும் கூலியாளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே குரலில் அல்லாஹ்வை திக்ரு செய்கிறார்கள். தனியே இருக்கையில் சோர்ந்துவிடும் நாவு, கூட்டத்தோடு சேரும்போது விழித்துக்கொள்கிறது. இலங்கைக்குப் பலமுறை பயணம் செய்து அங்கும் தீன்பணி புரிந்த அன்னார், 1898-ல் மறைந்து கீழக்கரையில் அடங்கியுள்ளார்கள்.

இவ்வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? புகழ்வது நாவின் வேலை மட்டுமன்று. நாவு சொல்வதை நெஞ்சு அறிய வேண்டும். நெஞ்சு அறிந்ததை உறுப்புகள் செய்து காட்ட வேண்டும். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே தராசில் குறைத்து நிறுப்பவர், சொன்ன சொல்லைத் தாமே பொய்யாக்குகிறார்.

திரிகை அரைத்துக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஒரு பணியாள் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தது என்ன? படுக்கைக்குச் செல்கையில் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. பணியாளை விட இது மேலானது என்றும் அறிவித்தார்கள். வேலை குறையவில்லை, அதைச் சுமக்கும் நெஞ்சுக்கு வலிமை வந்தது.

நம் இல்லங்களில் இன்றிரவே இதைத் தொடங்குவோம். விளக்கை அணைக்கும் முன் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, பொருளைச் சொல்லிக் கொடுத்து ஓத வைப்போம். வரவு வந்த நாளில் மட்டுமன்றி, இழப்பு வந்த நாளிலும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும் நாவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.