சேனாபதி சாமுண்டராயர்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் இன்று தொழிற்சாலைகளின் ஊர். அதனருகே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலை வழியாகத்தான் நம் குடும்பங்கள் பல சிரவணபெளகொள யாத்திரை மேற்கொள்கின்றன. விந்தியகிரியின்மேல் 57 அடி உயர்ந்து நிற்கும் பகவான் பாகுபலியின் திருமேனியைக் கண்டு மெய்ம்மறக்கும் நாம், திருவடியின் பக்கத்தே பொறித்துள்ள சிறு சாசனங்களைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கன்னடம், மராத்தி ஆகியவற்றோடு தமிழிலும் ஒன்று அங்கு உண்டு. இத்திருமேனியைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்பதே அதன் செய்தி.

அவர் அரசர் அல்லர், ஒரு படைத்தலைவர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட ஒருவர் பெரும்படையை எவ்வாறு நடத்தினார்? படை முழுவதும் தம் கையில் இருந்தும் எவ்வாறு கட்டளைக்கு அடங்கி நின்றார்? இவ்விரு வினாக்களுக்கும் அவர் வாழ்க்கையே விடை.

இன்று நம் நாட்டுத் தரைப்படையில் பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல் என உயர்பதவிகள் படிப்படியாக அமைந்துள்ளன. செங்கற்பட்டில் பிறந்த ஜெனரல் சுந்தர்ஜி 1986 முதல் 1988 வரை அதன் தலைமைத் தளபதியாக இருந்தார். முப்படைகளின் உச்சத் தலைமையோ குடியரசுத் தலைவரிடம் உள்ளது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் முடிவே கட்டளையாகக் கீழிறங்கி வருகிறது. ஆயுதம் ஏந்தியவர் ஏந்தாதவரின் சொல்லுக்கு அடங்கி நிற்பதே இவ்வமைப்பின் உயிர்நிலை. பத்தாம் நூற்றாண்டில் இத்தகைய அரசியல் சட்டம் இல்லை. படைத்தலைவனின் அடக்கத்திற்கு அவனுடைய மனச்சான்றே பெருங்காவலாக இருந்தது.

சாமுண்டராயர் பிரம்மக்ஷத்திர மரபினர். அன்னையார் காளலதேவி. கங்க மன்னர் மாரசிம்மரிடமும், அவருக்குப் பின் நான்காம் இராசமல்லரிடமும் அமைச்சராகவும் சேனாபதியாகவும் விளங்கினார். கங்கர்கள் அந்நாளில் இராஷ்டிரகூடப் பேரரசுக்கு உட்பட்டிருந்தனர். பேரரசரின் ஆணை கங்க மன்னருக்கு வரும். மன்னரின் ஆணை சேனாபதிக்கு வரும். அவரிடமிருந்து படைப்பிரிவுகளின் தலைவர்களுக்குச் செல்லும். இந்தக் கட்டளை ஏணியின் வலிமையை நம் தொண்டைநாடு முன்னரே கண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு வடமேற்கே உள்ள தக்கோலத்தில், 949ஆம் ஆண்டு, பேரரசர் மூன்றாம் கிருஷ்ணருக்காகப் போரிட்ட கங்க மன்னர் பூதுகர், சோழ இளவரசர் இராஜாதித்தரை யானைமேலேயே வீழ்த்தினார். அப்பூதுகரின் மைந்தரே மாரசிம்மர்.

மாரசிம்மரின் சேனாபதியாகச் சாமுண்டராயர் பல களங்களைக் கண்டார். வஜ்ஜளதேவனோடு பொருததற்குச் சமரதுரந்தரர் என்றும், கோனூரில் நொளம்பரை வென்றதற்கு வீரமார்த்தாண்டர் என்றும், உச்சங்கிக் கோட்டைப் போருக்காக ரணரங்கசிங்கர் என்றும் பட்டங்கள் பெற்றார். இவற்றோடு சத்திய யுதிஷ்டிரர் என்னும் மற்றொரு பெயரும் அவருக்கு உண்டு. விளையாட்டுக்கும் பொய் கூறாதவர் என்பதால் வந்த பெயர் அது. போர்ப் பட்டங்களைக் காட்டிலும் இதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

973ஆம் ஆண்டில் சாளுக்கியத் தைலபர் இராஷ்டிரகூடரை வீழ்த்தினார். கட்டளை ஏணியின் மேற்படி முறிந்தது. பேரரசை மீட்க முயன்று இயலாத மாரசிம்மர் அரசைத் துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியரின் திருவடியில் சல்லேகனை நோற்று உயிர் நீத்தார். நாட்டில் குழப்பம் மூண்டது. அரியணைக்குப் போட்டியும் எழுந்தது. படையும் புகழும் தம்மிடம் இருந்த அந்நாளில், சாமுண்டராயர் தமக்கென முடி தேடவில்லை. இராசமல்லரின் அரசை நிலைநிறுத்தி, முன்போலவே சேனாபதியாக அவர்கீழ் நின்றார். களத்தில் பெற்ற வெற்றிகளைவிட அரியது இவ்வெற்றி என்போம்.

இனி, கொல்லாமை பற்றிய வினா. நம் ஆகமங்கள் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்துள்ளன. கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்வது சங்கல்பி. அதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். தம்மையும் நாட்டையும் காக்கப் பகையை எதிர்க்கையில் நேர்வது விரோதி இம்சை. துறவியர்க்கு அதுவும் ஆகாது எனினும், அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கு முழுத் தடை இல்லை. எனினும் வினைக்கட்டு இல்லாமற் போய்விடாது. இதனைச் சாமுண்டராயர் நன்கு அறிந்திருந்தார் என்றே கருதுகிறோம். அதனாலன்றோ நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தியின் மாணவராய் அமர்ந்து, உயிரையும் வினையையும் பற்றிக் கற்றார்! ஆசாரியர் இவர்பொருட்டே கோம்மடசாரம் என்னும் பிராகிருத நூலை அருளினார். சேனாபதியும் 978இல் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் முதலிய அறுபத்துமூவர் வரலாற்றைக் கன்னட உரைநடையில் இயற்றினார்.

981ஆம் ஆண்டளவில் பாகுபலியின் திருமேனி எழுந்தது. எத்தனையோ திருவுருவங்கள் இருக்க, ஒரு சேனாபதி பாகுபலியைத் தேர்ந்தது ஏன்? பரதருக்கும் பாகுபலிக்கும் பகை மூண்டபோது, படைவீரர் வீணே மடிய வேண்டாம் என்று அமைச்சர்கள் தடுத்தனர். படைகள் விலகி நிற்க, உடன்பிறந்தார் இருவர் மட்டுமே பார்வையாலும் நீராலும் மல்லாலும் பொருதனர். மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற அக்கணமே நாட்டைத் துறந்து தவம் பூண்டார். களங்களில் வீரர் மடிவதைக் கண்ட சேனாபதியின் உள்ளம் இவ்வரலாற்றை நாடியதில் வியப்பில்லை.

முதல் அபிஷேகத்தின்போது குடங்குடமாய்ப் பால் சொரிந்தும் அது திருவடியை எட்டவில்லை என்றும், எளிய மூதாட்டி ஒருவர் சிறு காயின் கூட்டில் கொணர்ந்த பால் திருமேனி முழுவதையும் நனைத்தது என்றும் வழக்கு ஒன்று உண்டு. சாமுண்டராயர் தம் செருக்கை உணர்ந்து அங்கேயே தலைதாழ்த்தினாராம். குள்ளகாயஜ்ஜி எனப்படும் அம்மூதாட்டியின் சிலை இன்றும் பகவானை நோக்கி நிற்கிறது.

அவர் வெற்றிகளைப் பொறித்த தூணின் எழுத்துகளில் பெரும்பகுதியைப் பிற்காலத்தார் ஒருவர் செதுக்கி அழித்துவிட்டார். கங்கரின் தலைநகரான தலைக்காடும் 1004ஆம் ஆண்டளவில் சோழர் வசமாயிற்று. வென்ற கோட்டைகளும் காத்த அரியணையும் மறைந்தன. துறவின் திருவுருவமோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அடுத்த முறை மலையேறும்போது, திருவடியருகே உள்ள அத்தமிழ் எழுத்துகளை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். ஆணையிடும் உயரத்தில் இருந்தும் அடங்கி வாழ்ந்த ஒருவரின் பெயர் அது என்று சொல்லிக் கொடுப்போம்.