இருதயத்துக்கு ஓய்வு கொடுத்த டாக்டர்

அமெரிக்காவில் உள்ள பிலடெல்பியா நகரில் 1903-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி பிறந்தவர் ஜான் கிப்பன். பரம்பரை டாக்டர் குடும்பம். ஆனால் அவருக்கோ எழுத்தாளர் ஆக வேண்டும் என்று ஆசை. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட நினைத்தார். தகப்பனார்தான் புத்தி சொல்லி, படிப்பை முடிக்க வைத்தார்.

பின்னர் பாஸ்டன் நகரில் ஆராய்ச்சி செய்தபோது, நுரையீரலுக்குச் செல்லும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்து ஒரு பெண் உயிருக்குப் போராடினாள். இரவு முழுவதும் கிப்பன் அருகில் இருந்து கவனித்தார். காலையில் ஆபரேஷன் நடந்தது. அவள் பிழைக்கவில்லை.

அந்த இரவில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. ரத்தம் போகாவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை கெட்டுவிடும். அதனால்தான் இருதயத்தை நிறுத்தி ஆபரேஷன் செய்ய முடியவில்லை. உடலில் இருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, மீண்டும் உள்ளே செலுத்த ஒரு எந்திரம் இருந்தால்?

பெரிய டாக்டர்கள் பலர் நம்பவில்லை. மனைவி மேரி துணை நின்றார். இருவரும் இரவில் தெருப் பூனைகளைப் பிடித்து வந்து சோதித்தார்கள். 1935-ல் பூனையிடம் வெற்றி கிடைத்தது. பிறகு ஐ.பி.எம். கம்பெனி என்ஜினீயர்கள் எந்திரத்தைச் சீர்படுத்த உதவினார்கள்.

1953-ம் ஆண்டு மே 6-ந் தேதி, இருதயத்தில் துவாரம் இருந்த 18 வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்தார். 26 நிமிடங்கள் எந்திரமே அவளுக்கு இருதயமாகவும் நுரையீரலாகவும் இருந்தது. அவள் பிழைத்தாள்.

ஆனால் அடுத்து ஆபரேஷன் செய்த 2 சிறுமிகளும் இறந்துவிட்டார்கள். மனம் உடைந்த கிப்பன், அதன்பின் திறந்த இருதய ஆபரேஷன் செய்யவே இல்லை. மற்ற டாக்டர்கள் அந்த எந்திரத்தைச் செம்மைப்படுத்தினார்கள்.

இருதயத்தில் இருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் கொண்டு செல்லும் மகாதமனி வீங்கினால், அந்தப் பகுதியை வெட்டி மாற்ற வேண்டி வரலாம். 1950-களிலேயே அந்த ஆபரேஷனுக்கும் எந்திரம் கைகொடுத்தது. இன்று குளிர்ந்த மருந்துக் கரைசல் செலுத்தி இருதயத்தை நிறுத்துகிறார்கள். மகாதமனியின் வளைவை மாற்றும்போது உடலைக் குளிர வைத்து, மூளைக்குத் தனியாக ரத்தம் அனுப்புகிறார்கள்.

1973-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, டென்னிஸ் ஆடியபோது மாரடைப்பால் கிப்பன் காலமானார். அவர் ஒதுங்கிக்கொண்டாலும், அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. உலகெங்கும் ஆபரேஷன் அறைகளில் அந்த எந்திரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.