கெல்வின் பெருமகனார்

தொலைவில் உள்ளோர்க்குச் செய்தி எட்டவேண்டுமாயின் உரத்துக் கூவவேண்டும் என்பது பொதுவான எண்ணம். மெல்லிய குறிப்பையும் பிழையின்றி உணரும் கருவியை அமைப்பதே அதனினும் சிறந்த வழி என்று செயலிற் காட்டியவர் கெல்வின் பெருமகனார் ஆவார். வில்லியம் தாம்சன் என்பது அவர்தம் இயற்பெயர்.

அவர் அயர்லாந்தில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் 1824ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்த அவருக்குக் கணிதப் பேராசிரியராகிய தந்தையாரே ஆசானும் ஆயினார். பத்தாம் வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணாக்கராகச் சேர்ந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்றார். 1846ஆம் ஆண்டு, தம் 22ஆம் வயதில், கிளாஸ்கோவிலேயே பேராசிரியராய் அமர்ந்து, 53 ஆண்டுகள் அப்பணியை ஆற்றினார்.

அக்காலத்தில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் தந்தியால் இணைக்க அட்லாண்டிக் மாகடலின் அடியில் கம்பிவடம் இடும் முயற்சி தொடங்கிற்று. நீண்ட வடத்தின் ஒரு முனையில் விரைவாக அனுப்பும் மின்குறிகள் மறுமுனையில் மெலிந்து, ஒன்றோடொன்று கலந்து தோன்றும். வடத்தின் நீளம் இருமடங்காயின் தாமதம் நான்கு மடங்காகும் என்பதைத் தாம்சன் கணக்கிட்டுக் கண்டார். செம்பின் தூய்மை குறைந்தால் மின்னோட்டமும் குறையும் என்பதை அளந்து காட்டி, ஒவ்வொரு கம்பியையும் தொழிற்சாலையிலேயே ஆராய்தல் வேண்டும் என வற்புறுத்தினார்.

மெலிந்த குறிகளை அறிதற்கு அவர் ஆடிக் கால்வனாமீட்டர் என்னும் கருவியை அமைத்தார். மிகச் சிறிய கண்ணாடி ஒன்றின் பின்புறம் சிறு காந்தத் துண்டுகளை ஒட்டி, அதனைக் கம்பிச் சுருளின் நடுவே பட்டிழையால் தொங்கவிட்டார். மின்னோட்டம் சிறிது பாயினும் கண்ணாடி திரும்பும். அதிற்பட்டு மீளும் ஒளிப்புள்ளி அளவுகோலின்மேல் நெடுந்தொலைவு நகரும். கப்பலின் ஆட்டத்தால் கண்ணாடி அலையாதவாறு இழையை மேலும் கீழும் இழுத்துக் கட்டினார். கப்பலின் இரும்பும் நிலவுலகின் காந்தமும் இடர் விளைக்காதவாறு கருவியைத் தடித்த இரும்புப் பேழையுள் வைத்தார்.

1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் வடம் கரை சேர்ந்தது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்க்கு விடுத்த 98 சொற்களைக் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்றுசேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. மின்பொறுப்பாளராய் இருந்த ஒயிட்ஹவுஸ் என்பவர், வலிமை மிகுந்தால் விரைவும் மிகும் எனக் கருதி, ஏறத்தாழ 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினார். முன்னரே குறையுற்றிருந்த வடம் அதனால் மேலும் நைந்தது. சில வாரங்களிலேயே பயனற்றுப் போயிற்று. பெரும்பொருளும் பல்லோர் உழைப்பும் கடலடியில் மறைந்தன.

தாம்சன் தளர்ந்தாரல்லர். அவர் கூறிய வழியில் தூய செம்பும் தடித்த உறையும் கொண்ட புதிய வடம் 1866ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் கரை சேர்ந்தது. முந்திய ஆண்டில் அறுந்து மூழ்கிய வடமும் மீட்கப்பட்டது. பின்பு இரு வடங்களையும் ஒன்றாக இணைத்து, தையல் வேலையின்போது விரலில் அணியும் சிறு வெள்ளிக் கவசத்துள் அமைத்த மின்கலத்தால் லாட்டிமர் கிளார்க் என்னும் பொறிஞர் குறி அனுப்பினார். மாகடலைச் சென்று மீண்ட அந்த நுண்ணிய மின்னோட்டத்தையும் தாம்சனின் ஒளிப்புள்ளி பிழையின்றிக் காட்டிற்று!

அவ்வாண்டிலேயே அரசினர் அவருக்குச் 'சர்' பட்டம் அளித்தனர். 1892ஆம் ஆண்டு பிரபுவாக உயர்த்தப்பட்டபோது, தம் பல்கலைக்கழகத்தை அடுத்தோடும் கெல்வின் ஆற்றின் பெயரை ஏற்றார். 1907ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் மறைந்த அவர், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

இன்று ஊர்திகளிலும் கைப்பேசிகளிலும் அமைந்துள்ள நுண்ணிய மின்னணுச் சுற்றுகளையும் உலோக உறைகள் புற இடையூறுகளினின்று காக்கின்றன. வன்மையால் ஆகாததை நுண்மையால் ஆக்கலாம் என்பதற்குக் கெல்வின் பெருமகனாரின் வாழ்வு சான்றாய் விளங்குகின்றது.